பணமா மணமா: காது கேளாத மகளோடு அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வருடம்

எங்கள் வீட்டுக்கும் தறிக்கொட்டாய்க்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். சோமனூர்ப் பக்கம் கூலிக்கு எட்டுத் தறி ஓட்டுகிறோம். ராத்திரி ஷிப்டில் நாடா அடிக்கிற சத்தத்தில் ஒறம்பரை வந்தவர்கள் யாரும் தூங்கியதில்லை. பாப்பா மட்டும் அசையாமல் தூங்குவாள். “தறிக்கொட்டாயில பொறந்த கொழந்தைக்கு அதுதான் தாலாட்டு அம்மிணி” என்பார் மாமியார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

தறிக்காரர் வீட்டில் ஒரு விஷயம் உண்டு. சத்தம் இருந்தால் தூங்குவோம், சத்தம் நின்றால் முழித்துக்கொள்வோம். ஒரு மத்தியானம் கரண்ட் போய் எட்டுத் தறியும் ஒன்றாக நின்றது. படுத்திருந்த எல்லோரும் திடுக்கென்று எழுந்தோம். பாப்பா எழவில்லை. தலைமாட்டில் நின்று சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கை தட்டினேன். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. பேச்சு வராததற்கு “எங்க அப்பாருகூட அஞ்சு வயசுலதான் பேசுனாரு” என்று ஆளுக்கொரு கதை சொல்லியே அத்தனை நாளும் ஓடிவிட்டது.

பெரா டெஸ்ட் எடுத்தார்கள். குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி, சத்தம் மூளைத்தண்டு வரைக்கும் போகிறதா என்று பார்ப்பது. இரண்டு காதிலும் 90 டெசிபல் அளவுக்கு இழப்பு. இப்போதுள்ள 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றாலே காது கேளாதவர். 60-இலிருந்து 70 வரை கேட்புக் குறைவு. எண் எங்களுக்குப் புரியவில்லை. டாக்டர் சொன்ன ஒரு வார்த்தைதான் புரிந்தது: “சீக்கிரம் வந்திருக்கலாமேம்மா.”

காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷன் பற்றியும் சொன்னார்கள். சின்ன வயதிலேயே செய்ய வேண்டும், அதற்குப் பிறகு பல மாதம் விடாமல் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிவர வேண்டும் என்றார்கள். தலையில் கத்தி வைப்பதா என்று வீட்டில் பயம். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு வயது போய்விட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை. உங்கள் குழந்தைக்கு ஒன்றிரண்டு வயது என்றால் காத்திருக்காதீர்கள், அவ்வளவுதான்.

காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின் வாங்கினோம். மிஷின் பெரிய விஷயமில்லை, காதுக்குள் வைக்கும் அச்சுதான் பெரிய விஷயம் என்று தெரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. முகாமிலோ கடையிலோ மிஷினோடு பொதுவான ரப்பர் முனை ஒன்றைக் கொடுத்து அனுப்பினால் அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள். குழந்தையின் காதுக்கே அச்செடுத்துச் செய்த இயர் மோல்டு வேண்டும். காது வளர வளர அது லூசாகும். லூசானால் உய்ய்ய் என்று விசில் அடிக்கும். வகுப்பில் மற்ற குழந்தைகள் சிரிப்பார்கள், டீச்சர் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார், குழந்தை கழற்றிப் பையில் போட்டுவிடும். பாப்பாவின் மிஷின் பாதி நாள் பையில்தான் இருந்தது என்பது எனக்கு இரண்டாம் வகுப்பில்தான் தெரிந்தது. வளரும் வயதில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அச்சைப் பாருங்கள். எங்களைப்போல் பஞ்சு பறக்கிற வீடாக இருந்தால் குழாயில் தூசி அடைத்துக்கொள்ளும். தினமும் ஊதிப் பார்க்க வேண்டும். பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிஷம் காற்றாட வைத்துவிட்டுப் போட்டால் கொஞ்ச நாள் கூடுதலாக உழைக்கும்.

2013-இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தோம். சேர்த்த மறு வாரமே டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். “காது கேக்காதுன்னு சொன்னீங்களேம்மா, நல்லாத்தான் கேக்குது பாருங்க” என்று பாப்பாவுக்குப் பின்னால் போய்க் கை தட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். “பாத்தீங்களா, இஷ்டம் இருந்தா கேக்குது, இல்லாட்டி நடிக்கிறா.” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவளை ரெண்டு போட்டேன். அந்த அடிக்கு இன்றுவரை வெசனப்படுகிறேன்.

பதில் பிறகுதான் தெரிந்தது. மிஷின் போட்டால் சத்தம் கேட்கும். கைதட்டல், பஸ் ஹாரன், கோயில் மேளம் எல்லாம் கேட்கும். ஆ, ஊ மாதிரி உயிரெழுத்து ஓரளவு கேட்கும். ஆனால் ஒரு சொல்லை இன்ன சொல் என்று பிரித்துக் காட்டுவது மெய்யெழுத்து. ச, த, க எல்லாம் மெல்லிய, கீச்சான ஒலிகள். அவை அவளுக்கு வந்து சேராது. நமக்குப் பக்கத்து வீட்டு ரேடியோ சுவரைத் தாண்டிக் கேட்பது மாதிரி. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. இந்த ரேடியோ உதாரணத்தைப் பிறகு நான் பத்துப் பதினைந்து ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். காது கேட்கும் அளவை வரைந்து காட்டும் ஆடியோகிராம் தாளை எத்தனை காட்டியபோதும் தலையாட்டாதவர்கள் இதற்குத் தலையாட்டினார்கள்.

அதோடு ஒரு சோதனையும் சொல்லித்தருவேன். லிங் ஆறு ஒலிச் சோதனை என்று பேர். ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறையும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். குழந்தை கேட்டதும் கை தூக்க வேண்டும். பாப்பாவுக்கு ஷ், ஸ் இரண்டும் என்றைக்குமே கேட்டதில்லை, அதனால் பரவாயில்லை. நேற்றுக் கேட்ட ‘ஈ’ இன்று கேட்கவில்லை என்றால் மிஷினிலோ காதிலோ கோளாறு. காலையில் ஒரு நிமிஷம் போதும். மூன்றாம் வகுப்பு டீச்சர் வருடம் முழுக்க அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே இதைச் செய்தார். அவருக்குச் சிறப்புக் கல்விப் பட்டமெல்லாம் கிடையாது.

அடுத்தது உதடு. “வாயைப் பார்த்தே புரிஞ்சுக்குவாள்ல?” என்று கேட்காத ஆளில்லை. கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் ‘பணம்’ என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் ‘மணம்’ என்று சொல்லுங்கள். ஒன்றுதான். பாடு, மாடு. பனை, மனை. உதட்டில் ஒரு வித்தியாசமும் கிடையாது. ககரம் அடிநாக்கில் பிறப்பது, கண்ணுக்கே தெரியாது. ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளே நடக்கிற சமாச்சாரம். ‘மாடு மேய்ந்தது’ என்று டீச்சர் சொன்னால், மேய்ந்தது என்பதை வைத்துத்தான் முதல் சொல்லை அவள் ஊகிக்க வேண்டும். ஏழு பீரியடும் ஊகித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் எப்படி இருக்கும்? நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் படுத்துத் தூங்கிவிடுவாள். சோம்பேறி என்றார்கள்.

அந்த ஊகத்துக்காவது டீச்சர் முகம் தெரிய வேண்டும். போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசினால் போச்சு. ஜன்னலுக்கு முன்னால் நின்றால் முகம் இருட்டு. “முன் பெஞ்சில் உட்கார வைச்சிருக்கோம்” என்று எல்லாப் பள்ளியிலும் பெருமையாகச் சொல்வார்கள். நானும் முதலில் அதைத்தான் கேட்டு வாங்கினேன். உண்மையில் முன் பெஞ்சு அவ்வளவு நல்ல இடமில்லை. கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். பின்னால் யார் பதில் சொல்கிறார்கள் என்பதும் தெரியாது. இரண்டாவது பெஞ்சில், ஜன்னல் தனக்கு முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி ஓரத்தில் உட்கார்ந்தால் டீச்சர் முகத்தில் வெளிச்சம் விழும், திரும்பினால் வகுப்பு முழுவதும் தெரியும். இதைக் கண்டுபிடித்ததும் பாப்பாதான். நான்காம் வகுப்பில் அவளாகவே இடம் மாறி உட்கார்ந்து, அதற்கும் திட்டு வாங்கினாள்.

தமிழில் எங்களுக்கு வந்த பெரிய சிக்கல் வேற்றுமை உருபு. ‘அம்மா அடித்தாள்’, ‘அம்மாவை அடித்தாள்’. அந்த ‘வை’ அவள் காதிலும் விழாது, உதட்டிலும் நிற்காது. நம் மொழியில் யார், யாரை, எதற்கு, எதிலிருந்து என்ற கணக்கெல்லாம் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. பேசும்போது அந்த வாலைத்தான் நாம் விழுங்குகிறோம். ‘ராமு மரம் ஏறு பழம் பறி’ என்று ஐந்தாம் வகுப்பு வரை எழுதினாள். மக்கு என்று எழுதிவைத்துவிட்டார்கள். வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியர்தான் வழி காட்டினார். ஐ, ஆல், கு, இல் என்று வண்ண அட்டை வெட்டி, படத்துக்குக் கீழே ஒட்டி ஒட்டி விளையாட வைத்தார். இரண்டு வருடம் பிடித்தது. வாலைக் கண்ணால் பார்த்த பிறகு அவளே எழுத ஆரம்பித்தாள்.

அந்தச் சிறப்பாசிரியர் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டும். பார்வை, செவி, மனவளர்ச்சி என்று எல்லாக் குழந்தைகளையும் அவரே பார்க்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது வாரத்தில் ஒரு நாள், அதிலும் சில வாரம் கூட்டம், பயிற்சி என்று வரமாட்டார். அவர்மேல் எனக்குக் குறையில்லை, ஏற்பாட்டின்மேல்தான் குறை. இருக்கிற ஒரு நாளை நன்றாகப் பயன்படுத்த நாங்கள் கண்ட வழி, நடந்த பாடத்தை அவரிடம் திரும்ப நடத்தச் சொல்லாமல், அடுத்த வாரம் வரப்போகிற பாடத்தை முன்னதாகக் கொடுத்துவிடுவது. ‘ஒளிச்சேர்க்கை’ என்ற சொல்லை முன்பே எழுத்தாகப் பார்த்து, படமாகப் புரிந்துகொண்டு போனால், வகுப்பில் டீச்சர் வாயில் அது வரும்போது பிடித்துக்கொள்வாள். தெரியாத சொல்லை உதட்டில் படிக்கவே முடியாது. இன்னொன்று, வருகிறவர் எந்தப் பிரிவில் சிறப்புப் பயிற்சி எடுத்தவர் என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். செவித்திறன் பிரிவு வேறு, மனவளர்ச்சிப் பிரிவு வேறு.

இனி, நான் செய்த பெரிய தப்பு. கைச்சாடை கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்று யாரோ சொன்னதை நம்பி, அவள் கையைத் தூக்கினாலே தட்டிவிட்டேன். இத்தனைக்கும் எங்கள் தறிக்கொட்டாயில் எல்லோரும் பேசுவதே கையால்தான்! எட்டுத் தறிச் சத்தத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? பாவு நூல் அறுந்தால் இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுவோம், நாடாவுக்குள் வைக்கும் நூல்தார் தீர்ந்தால் ஒரு சாடை, டீ வந்தால் ஒரு சாடை. பேச்சு வராத பாப்பா இரண்டு வயதிலேயே கொட்டாய் வாசலில் நின்று ‘டீ’ என்று கையால் காட்டினாள். எல்லோரும் சிரித்தோம். ஒரு குழந்தை பேச ஆரம்பித்துவிட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவளுக்குப் பத்து வயதானபோது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்யும் காது கேளாத தம்பதியைப் பார்த்தோம். இருவரும் கையால் பேசிக்கொள்வதை அவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். சண்டை, கேலி, கம்பெனி வம்பு எல்லாம் கையிலேயே ஓடியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் வீட்டுக்குப் போகத் தொடங்கினோம். ஆறு மாதத்தில் அவள் கேட்ட கேள்விகள் அதுவரை பத்து வருடத்தில் கேட்டவற்றைவிட அதிகம். “அப்பிச்சி ஏன் செத்தார்?” என்று கேட்டாள். என் அப்பா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. நாலு வருடமாக அவளிடம் யாரும் சொல்லவில்லை, சொல்ல எங்களிடம் மொழி இல்லை.

சைகை மொழி அக்கம்பக்கத்தில் கிடைக்காத சரக்கு என்று நினைத்திருந்தேன். நமக்குப் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலிருந்து 2001-லேயே இந்திய சைகை மொழிக்கு அகராதி வந்திருக்கிறது. டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி வைத்திருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். ஆனால் வீடியோ பார்த்துச் சொல் கற்கலாம், பேச்சு கற்க ஆள் வேண்டும். காது கேளாத பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

சிறப்புப் பள்ளியில் சேர்த்திருக்கலாமே என்பீர்கள். ஒன்றைப் போய்ப் பார்த்தோம். மதியச் சோற்று நேரத்தில் அங்கே இருந்த அமளியை, சத்தமில்லாத அமளியை, பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஹாஸ்டலில் விட மனசு வராமல் கூட்டி வந்துவிட்டோம். அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம். 6 வயது முதல் 18 வரை எதில் படித்தாலும் இலவசக் கல்வி என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. நாங்கள் எடுத்தது சரியா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. சோறு அவளோடு சேர்ந்து உண்ட பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில் இருந்தார்கள், பேச ஆள் இருக்கவில்லை.

கொரோனா வந்தது. பள்ளி திறந்தபோது எல்லோர் வாயிலும் மாஸ்க். அந்த ஒரு வருடம் அவளுக்குப் பள்ளி என்பது கண்களின் கூட்டம். அதை விடுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாறினாள். அங்கே ஒரு கணக்குத் தேர்வு. வினாத்தாளில் ஓர் எண் தப்பாக அச்சாகியிருக்கிறது. மேற்பார்வைக்கு வந்தவர் வாசலில் நின்று, “பதினாலாவது கேள்வியில 3-ஐ 8-ன்னு மாத்திக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாப்பா 3-ஐ வைத்தே போட்டுப் போட்டுப் பார்த்து, விடை வராமல், மீதி மூன்று கணக்கையும் விட்டுவிட்டு வந்தாள். கேட்கப் போனால், “எல்லாருக்கும் சொன்னோமேங்க” என்றார்கள். தப்பு செய்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். அன்றைக்கு ஒரு விதி வாங்கினோம்: வாயால் சொல்லும் எந்த அறிவிப்பும் போர்டில் எழுதப்பட வேண்டும். பரீட்சை, லீவு, நோட்டு கொண்டுவருவது, எதுவாக இருந்தாலும். மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவள் தோளைத் தொட வேண்டும். காசு செலவில்லாத விதி. ஆனால் அதை எழுத்தில் கொடுத்து, தலைமையாசிரியர் கையெழுத்தோடு வாங்கும்வரை நடக்கவில்லை.

பொதுத்தேர்வுச் சலுகைகளை இப்போது எல்லோரும் அறிவார்கள்: கூடுதல் நேரம், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு. மருத்துவச் சான்று, அடையாள அட்டை நகல்களோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தொடங்கியதுமே கொடுத்துவிடுங்கள், தை மாதம் வரை வைத்திருக்காதீர்கள். கூடுதல் நேரத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. விலக்கில்தான் இருக்கிறது.

பரீட்சையில் ஆங்கிலத்துக்கு விலக்கு உண்டு என்று தெரிந்ததும், எட்டாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலப் பீரியடில் அவளை யாரும் கண்டுகொள்ளவில்லை. “அவளுக்குத்தான் எக்செம்ப்ஷன் இருக்கேங்க, எதுக்கு அந்தப் புள்ளையைப் போட்டுப் படுத்தணும்?” அன்பாகத்தான் சொன்னார்கள். ஆங்கிலப் பீரியடில் நோட்டுகளை அடுக்கி வைக்கும் வேலை அவளுக்கு. நானும் சரி என்றுதான் இருந்தேன், மார்க் குறையாதே என்று. பிளஸ் டூ முடித்து 2025-இல் கோவையில் பி.காம். சேர்ந்தபோது புத்தகம் முழுக்க ஆங்கிலம். கணக்குப் பதிவியலில் அவள் கெட்டி, எண்ணுக்கு வேற்றுமை உருபு கிடையாது பாருங்கள். ஆனால் கேள்வியைப் படிக்கவே இப்போது ஆறாம் வகுப்பு ஆங்கிலத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள். காது கேளாத பிள்ளைக்குப் பேசும் ஆங்கிலம்தான் கஷ்டம், எழுத்து ஆங்கிலம் கண்ணுக்குத்தானே? எழுத விலக்கு வாங்குங்கள், படிக்க விலக்கு வாங்காதீர்கள். வகுப்பில் உட்கார வைத்துச் சொல்லித்தரச் சொல்லி வாதாடுங்கள். காது கேளாதவர்களுக்கு அவர்களுக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்று அதே உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும், சைகை மொழி உட்பட ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று 17-ஆம் பிரிவும் சொல்கின்றன. விலக்கும் அதே 17-ஆம் பிரிவில்தான் இருக்கிறது. நாம் எல்லோரும் விலக்கை மட்டும் படித்திருக்கிறோம்.

கேட்டு நடக்கவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு முறை போனேன். ஒரு முறை வேலை நடந்தது, ஒரு முறை நடக்கவில்லை. மனுவில் “உதவ வேண்டும்” என்று பொதுவாக எழுதியதுதான் நடக்காதது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய வகுப்பாசிரியருக்கு ஒரே ஒரு தாள் கொடுப்பேன். போர்டைப் பார்த்துப் பேசாதீர்கள், இரண்டாவது பெஞ்சு ஓரம், அறிவிப்பை எழுதுங்கள், ‘சொல்வதை எழுதுதல்’ தேர்வுக்குப் பதில் படம் பார்த்து எழுதச் சொல்லுங்கள், “புரிஞ்சுதா” என்று கேட்காமல் “என்ன புரிஞ்சுது, சொல்லு” என்று கேளுங்கள். கடைசி வரிதான் முக்கியம். “புரிஞ்சுதா” என்றால் அவள் எப்போதும் தலையாட்டிவிடுவாள். இரண்டு பக்கத் தாள் கொடுத்த வருடம் யாரும் படிக்கவில்லை.

எங்கள் கொட்டாயில் தறி ஓட்டும் பையனுக்குப் போன வருடம் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தைக்கே சில நிமிஷத்தில் காது சோதனை செய்துவிடலாம், அரசு மருத்துவமனையிலேயே கேளுங்கள் என்று அந்தப் பெண்ணை நச்சரித்துக் கூட்டிப்போனேன். நல்லபடியாகக் கேட்கிறது. பாப்பா அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. லீவு நாளில் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குக் கைச்சாடை சொல்லித் தருகிறாள். இன்னும் ‘அம்மா’ வரவில்லை, டீ கேட்கத் தெரிந்துவிட்டது.